ஐ-9 படிவப் பயிற்சி: ஆறு ஆண்டுப் பயன்பாட்டிற்குப் பின்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், உணவுப்பொருள்களைப் பொட்டலமிட்டு அனுப்பும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் 2019 முதல் பணியாற்றி வருகிறேன். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரிடமும், அவரது அடையாளத்தையும் வேலை செய்யும் உரிமையையும் சரிபார்ப்பதற்கான ஐ-9 படிவத்தை நிரப்பி வாங்குவதும், பிறகு இ-வெரிஃபை என்ற அரசு இணையதளத்தில் அவரது விவரங்களைப் பதிந்து சரிபார்ப்பதும் எங்கள் பொறுப்பு. பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்கும் இ-வெரிஃபையை 2013 ஜூலை முதல் ஜார்ஜியா கட்டாயமாக்கிவிட்டதால், இதில் எங்களுக்கு விருப்பத் தேர்வு ஏதும் இல்லை. இந்த வேலையைச் செய்யும் எழுத்தர்களுக்குப் பயிற்சியளிக்க மூன்று வழிகளைப் பயன்படுத்தியிருக்கிறோம்: ஆண்டுச் சந்தா கட்டிப் பெறும் ஒரு தனியார் இணையவழிப் பாடம், இ-வெரிஃபை தளத்திலேயே உள்ள பயிற்சியும் தேர்வும், அரசுத் துறைகள் கட்டணமின்றி நடத்தும் இணையவழி வகுப்புகள். இவற்றில் எது எங்களுக்குப் பயன்பட்டது என்பதையே இங்கே பகிர்கிறேன். சட்ட ஆலோசனையாக இதை எவரும் கொள்ள வேண்டாம்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக ஒன்று. 1986 நவம்பர் 6ஆம் தேதிக்குப் பிறகு வேலைக்கு எடுக்கப்பட்ட அனைவருக்கும், அவர் அமெரிக்கக் குடிமகனாகவே இருந்தாலும், இந்தப் படிவம் தேவை. முதல் பகுதியைப் பணியாளர் தமது முதல் வேலை நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டாம் பகுதியை, ஆவணங்களைப் பார்த்துவிட்டு, வேலை தொடங்கிய மூன்று வேலைநாள்களுக்குள் நிறுவனம் நிரப்ப வேண்டும். அடையாளம், வேலை உரிமை இரண்டையும் காட்டும் ஏ பட்டியலிலிருந்து ஓர் ஆவணம், அல்லது அடையாளத்துக்கான பி பட்டியலிலிருந்து ஒன்றும் வேலை உரிமைக்கான சி பட்டியலிலிருந்து ஒன்றும் காட்டினால் போதும். எதைக் காட்டுவது என்பதைத் தீர்மானிப்பவர் பணியாளரே. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத்தர்களின் கைகளுக்குக் கொண்டுசேர்ப்பதற்குத்தான் எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

தனியார் பாடத்தில் குறை சொல்ல முடியாத பகுதிகள் உண்டு. காலக்கெடுக்களை அது தெளிவாக விளக்கியது. பிழை திருத்தும் முறையை, அதாவது தவறான பதிவை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, சுருக்கொப்பமும் அன்றைய தேதியும் இடவேண்டும், வெள்ளை மை பூசவோ முன்தேதியிடவோ கூடாது என்பதை, நல்ல படங்களுடன் காட்டியது. ஆனால் அந்தப் பாடத்தின் அடிநாதம் அச்சம். ஒவ்வோர் அத்தியாயமும் அபராதத் தொகையில் தொடங்கும். தொகை சிறியதும் அல்ல. 2025ஆம் ஆண்டு விகிதப்படி, படிவத்தை நிரப்புவதில் உள்ள விதிமீறலுக்கு மட்டும் ஒரு படிவத்திற்கு 288 டாலர் முதல் 2,861 டாலர் வரை விதிக்கலாம். போலி அட்டைகளின் படங்களைக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியும் இருந்தது. சட்டம் எங்களிடம் தடயவியல் நிபுணத்துவத்தைக் கேட்கவில்லை. ஆவணம் பார்வைக்கு உண்மையானதாகவும், கொண்டுவந்தவருக்கு உரியதாகவும் நியாயமாகத் தோன்றினால் அதை ஏற்க வேண்டும், அவ்வளவுதான்.

விளைவு முதல் ஆண்டிலேயே தெரிந்தது. உள்தணிக்கைக்காகப் பழைய கோப்புகளை எடுத்தபோது, விடுபட்ட கையெழுத்தும் தேதியும் உண்மையிலேயே குறைந்திருந்தன; ஆனால் பல படிவங்களில் மூன்று பட்டியல்களும் நிரப்பப்பட்டிருந்தன. நிரந்தர வசிப்பாளர் என்று முதல் பகுதியில் குறித்திருந்த ஒருவர் ஓட்டுநர் உரிமத்தையும் கட்டுப்பாட்டு வாசகம் ஏதுமற்ற சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் காட்டியிருக்கிறார். சட்டப்படி அத்துடன் முடிந்தது. எங்கள் எழுத்தரோ, "கிரீன் கார்டு இருக்கிறதல்லவா, அதையும் கொண்டு வாருங்கள்" என்று அவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். தாம் கூடுதல் கவனத்துடன் நடந்துகொண்டதாகவே அவர் நம்பினார். குடியுரிமை நிலையையோ பிறந்த நாட்டையோ காரணமாகக் கொண்டு அதிக ஆவணமோ குறிப்பிட்ட ஆவணமோ கேட்பது பாகுபாடு. நீதித் துறையின் குடிமை உரிமைகள் பிரிவில் இதை விசாரிப்பதற்கென்றே தனி அலுவலகம் இருக்கிறது. இவ்வளவு முக்கியமான செய்தி அந்தப் பாடத்தில் ஒரே ஒரு திரைப்பக்கத்தில், அதுவும் இறுதியில், வந்தது. பயிற்சி எங்கள் தவறுகளை ஒழிக்கவில்லை. குறைவாகக் கேட்ட இடத்திலிருந்து மிகுதியாகக் கேட்கும் இடத்திற்கு அவற்றை நகர்த்தியிருந்தது.

அந்த நீதித் துறை அலுவலகம் நடத்தும் இலவச வகுப்பில் 2021இல் எங்கள் எழுத்தர்கள் அனைவரையும் அமர வைத்தோம். காட்சியமைப்பில் தனியார் பாடத்தின் மெருகு அதற்கு இல்லை. இருப்பினும் எப்போது கேட்பதை நிறுத்த வேண்டும் என்பதை அது தெளிவாகச் சொன்னது. நிரந்தர வசிப்பாளர் அட்டை காலாவதியானால் மறுசரிபார்ப்புக்காக அவரை மீண்டும் அழைக்கக் கூடாது, அமெரிக்கக் குடிமகனின் கடவுச்சீட்டுக்கும் அதே விதி என்பவற்றை நாங்கள் அங்கேதான் உறுதியாகக் கற்றோம். அதுவரை கிரீன் கார்டு காலாவதியாகும் நாள்களை நாள்காட்டியில் குறித்துவைத்து நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பதைச் சற்று வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

மொழி சார்ந்த ஒரு சிக்கலை மூன்று பயிற்சிகளுமே போதுமான அளவு தொடவில்லை. எங்கள் தொழிலாளர்களில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசுபவர்கள். ஐ-9 படிவத்தின் ஸ்பானிஷ் வடிவத்தை நிரப்பிக் கோப்பில் வைப்பது போர்ட்டோ ரிக்கோவில் மட்டுமே செல்லும். மற்ற இடங்களில் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு ஆங்கிலப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஆகவே ஸ்பானிஷ் அறிந்த எழுத்தர் அருகில் அமர்ந்து மொழிபெயர்த்து உதவுவார். அப்படி உதவியவர் துணைப்படிவம் ஏ-யில் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது எங்கள் எழுத்தர்களுக்குத் தோன்றவே இல்லை. செய்தது உதவிதானே, அதற்கு எதற்குக் கையெழுத்து என்று நினைத்தார்கள்.

பெயர்ச் சிக்கல் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ள நம்மவர் பலருக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயருக்கான இடத்தில் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து அச்சாகி வரும். முதற்பெயர் தெரியவில்லை என்பதே அதன் பொருள். ஐ-9 படிவத்தில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் எழுதி, முதற்பெயர்க் கட்டத்தில் 'அன்நோன்' என்று எழுத வேண்டுமென அரசின் எம்-274 கையேடு கூறுகிறது. ஆய்வகத்தில் சேர்ந்த ஒரு தமிழ் இளைஞரின் படிவத்தில், எங்கள் எழுத்தர் அவரது தந்தையின் பெயரை முதற்பெயராக எழுதச் சொல்லிவிட்டார். அரசுப் பதிவேட்டுடன் விவரம் பொருந்தவில்லை என்று இ-வெரிஃபை காட்டியது. இரண்டு குடும்பப்பெயர்கள் கொண்ட குவாத்தமாலா, மெக்சிகோ நாட்டவரிடமும் இதே கதைதான். ஒன்றை விட்டுவிட்டால் பதிவேட்டுடன் பொருந்தாமல் போகலாம்.

பொருந்தாமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை இ-வெரிஃபை தளத்தின் பயிற்சி நன்றாகவே கற்பிக்கிறது. அதன் தேர்வில் 70 விழுக்காடு எடுக்காமல் தளத்தைப் பயன்படுத்த முடியாது. பணியாளரைத் தனியாக அழைத்து அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். அவர் எதிர்த்து நடவடிக்கை எடுக்க முடிவு செய்தால், உரிய அலுவலகத்தைத் தொடர்புகொள்ளக் கூட்டரசின் எட்டு வேலைநாள்கள் அவருக்கு உண்டு. முடிவு வரும்வரை அவரை நீக்கவோ, நேரத்தைக் குறைக்கவோ, பயிற்சியைத் தள்ளிப்போடவோ கூடாது. எங்கள் எழுத்தர்கள் இதை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்தத் தேர்வை எழுதாத ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர், "பேப்பர் சரியாகட்டும், பிறகு வா" என்று அந்த இளைஞரின் பெயரை இரண்டு நாள் ஷிப்ட் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். செய்தி அந்த சூப்பர்வைசருக்குப் போனதே முதல் தவறு. அந்த இரண்டு நாள் ஊதியத்தைக் கொடுத்து, நாங்கள் மன்னிப்பும் கேட்டோம். அதன் பிறகே சூப்பர்வைசர்களுக்கும் அரை மணி நேர வகுப்பு வைத்தோம். பயிற்சிச் செலவில் மிகக் குறைந்ததும் மிகுந்த பலன் தந்ததும் அதுவே.

தனியார் பாடத்தின் மற்றொரு பலவீனம், விதிகள் மாறும் வேகத்திற்கு அது ஈடுகொடுக்காமை. வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்க விண்ணப்பித்த சில வகையினருக்கு இருந்த 180 நாள் தானியங்கி நீட்டிப்பு 2022 மே மாதத்தில் 540 நாளாக உயர்த்தப்பட்டது. பல மாதங்கள் கழித்தும் எங்கள் பாடம் 180 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பியிருந்தால், வேலை செய்ய உரிமையுள்ள ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். 2025 அக்டோபர் 30 முதல் தாக்கலாகும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு, ஒருசில விலக்குகள் தவிர, அந்த நீட்டிப்பே நிறுத்தப்பட்டது. இப்போது பாடத்தைப் பார்ப்பதில்லை. எம்-274 கையேட்டின் இணையப் பதிப்பை நேரடியாகத் திறந்து பார்க்கிறோம்.

2023ஆம் ஆண்டுக் கோடை தனியாக நினைவிருக்கிறது. ஆவணங்களை நேரில் பார்க்காமல் தொலைவிலிருந்தே பார்க்கலாம் என்று தொற்றுக்காலத்தில் 2020 மார்ச் 20இல் தொடங்கிய தளர்வு 2023 ஜூலை 31உடன் முடிந்தது. அக்காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்த அலுவலகப் பிரிவினரின் ஆவணங்களை ஆகஸ்ட் 30க்குள் நேரில் சரிபார்த்து முடிக்க வேண்டியிருந்தது. அதே ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய படிவமும் வந்தது, இ-வெரிஃபை பயன்படுத்தும் நிறுவனங்கள் காணொளி வழியே ஆவணம் பார்க்கும் மாற்று முறையும் வந்தது. எந்தப் பயிற்சியும் அந்த மாதம் எங்களுக்கு உதவவில்லை. ஒரு பெரிய அட்டவணைத்தாள் உதவியது.

இப்போது மாதம் ஒருமுறை இருபது நிமிடம் நாங்களே பயிற்சி நடத்துகிறோம். கற்பனைப் பணியாளர் ஒருவரின் கோப்பைக் கொடுத்து, அதை எதுவரை வைத்திருக்க வேண்டும் என்று கணக்கிடச் சொல்வோம். சேர்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு, விலகிய நாளிலிருந்து ஓராண்டு, இவற்றில் பின்னால் வருவது எது என்று பார்க்க வேண்டும். சொல்வதற்கு எளிது, நான்கு மாதத்தில் விலகியவரின் கோப்பை ஓராண்டில் அழித்துவிடலாம் என்று பாதிப் பேர் இன்னும் சொல்கிறார்கள். அரசிடமிருந்து ஆய்வு அறிவிப்பு வந்தால் படிவங்களை ஒப்படைக்க மூன்று வேலைநாள்கள் உண்டு என்பதால், வரவேற்பு மேசையில் இருப்பவர் பதற்றத்தில் அலமாரியைத் திறந்துகொடுக்கத் தேவையில்லை என்பதையும் ஒத்திகை பார்த்திருக்கிறோம்.

இந்த ஆண்டு தனியார் சந்தாவை எழுத்தர்களுக்குப் புதுப்பிக்கவில்லை. உள்தணிக்கை செய்யும் இருவருக்கு மட்டும், பிழை திருத்தும் அத்தியாயங்களுக்காக வைத்துக்கொண்டோம். ஏற்கத்தக்க ஆவணங்களின் பட்டியல் எங்கள் மேசையில் முன்பு எழுத்தரைப் பார்த்தபடி ஒட்டப்பட்டிருந்தது. இப்போது எதிரே அமர்பவர் படிக்கும்படி திருப்பி ஒட்டியிருக்கிறோம், பக்கத்தில் அதன் ஸ்பானிஷ் வடிவத்துடன்.