ஆசரிப்புக் கூடார மாதிரி (1:90): பலிபீடம் முதல் கிருபாசனம் வரை

ஆசரிப்புக் கூடாரம் என்பது இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கொண்டுசென்று தேவனை ஆராதித்த கூடாரம். ஓய்வுநாள் பள்ளிக்கும் வேதபாட வகுப்புக்கும் வாங்கப்படும், துண்டுகளை ஒட்டிக் கட்டும் அதன் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டி இது. கிறிஸ்துவின் மரணத்தை ஏன் பலி என்கிறோம், மீட்பு என்றால் எதிலிருந்து, என்ன விலைக்கு என்று விளக்குவதற்குத்தான் பெரும்பாலோர் இதை வாங்குகிறார்கள். அந்த வேலையை எவ்வளவு செய்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

அளவுகள் சரியாக இருக்கின்றன. ஒரு முழத்தை 45 செ.மீ. என்று கொண்டால், 1:90 கணக்கில் ஒரு முழம் 5 மி.மீ. ஆகும். 100 முழ நீளமும் 50 முழ அகலமும் உள்ள பிராகாரம் (வெளிமுற்றம்) 50 செ.மீ.க்கு 25 செ.மீ. என்று மேசையில் அமர்ந்துவிடுகிறது. பிராகாரத் தூண்கள் 60, கூடாரப் பலகைகள் 48, இரண்டும் எண்ணிக்கை குறையாமல் வருகின்றன. வாசல் கிழக்கே ஒன்றுதான். அதைத் தாண்டியதும் முதலில் எதிர்ப்படுவது பலிபீடம். பலியைக் கடக்காமல் உள்ளே போக வழியில்லை என்பதைப் பிள்ளைகள் விரலால் தொட்டே புரிந்துகொள்வார்கள்.

பெரிய குறை, பலகைகளையும் தூண்களையும் தாங்கும் வெள்ளிப் பாதங்களில் இருக்கிறது. பலகைக்கு இரண்டாக 96, உள்ளறையை மறைக்கும் திரைச்சீலையின் தூண்களுக்கு 4, ஆக 100 பாதங்கள். இந்தப் பெட்டியில் அவற்றைத் தனியாகச் செய்யாமல், அடித்தட்டோடு சேர்த்து மண் நிறத்தில் வார்த்துவிட்டார்கள். யாத்திராகமம் 30-ல் ஒவ்வொருவனும் தன் ஆத்துமாவுக்காகக் கொடுத்த ‘மீட்கும்பொருள்’ அரைச் சேக்கல் (அக்கால எடை அளவு) வெள்ளி. ஐசுவரியவானுக்கும் தரித்திரனுக்கும் ஒரே அளவு. எண்ணப்பட்ட 6,03,550 பேரிடம் வந்த அந்த வெள்ளியில்தான் பாதங்கள் வார்க்கப்பட்டன (யாத். 38:25-27). பரிசுத்த ஸ்தலத்தின் பலகைகள் மீட்பின் விலைமேல் நின்றன. மாற்கு 10:45-ல் அதே சொல் திரும்ப வருகிறது: ‘அநேகரை மீட்கும்பொருளாக’. வெள்ளியினாலும் பொன்னினாலும் அல்ல, இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள் என்று 1 பேதுரு 1:18-19 சொல்வதும் இங்கே வைத்துப் படித்தால்தான் கனக்கிறது. ஆகவே பலகைகளை ஒட்டுவதற்கு முன்பே, மெல்லிய தூரிகையால் பாதங்களுக்கு வெள்ளி வண்ணம் பூசிவிடுங்கள். ஒட்டிய பிறகு தூரிகை உள்ளே நுழையாது. கூடார முன்வாசலின் 5 தூண்களுக்கும் பிராகாரத் தூண்களுக்கும் பாதங்கள் வெண்கலம். அவற்றில் வெள்ளி பட வேண்டாம்.

உள்ளறையில் வைக்கும், கற்பனைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டி 12.5 மி.மீ. நீளம்தான். நான்கு பேர் குனிந்து பார்க்கலாம், வகுப்புக்குப் போதாது. அதன் மூடியான கிருபாசனத்தையும் பெட்டியோடு ஒரே துண்டாக வார்த்திருப்பது இன்னொரு தவறு. பெட்டி பொன் தகடு மூடிய சீத்திம் மரம். கிருபாசனம் தனியாகச் செய்த பசும்பொன் மூடி. இரத்தம் தெளிக்கப்பட்டது அந்த மூடியின்மேலும் அதற்கு முன்பாக ஏழுதரமும் (லேவி. 16:14). ரோமர் 3:25-ல் ‘கிருபாதாரபலி’ என்று தமிழில் வரும் இடத்தில் கிரேக்கத்தில் உள்ள சொல்லே, எபிரெயர் 9:5-ல் ‘கிருபாசனம்’ என்று வருகிறது. மூடி தனியே எடுக்கும்படி இருந்தால்தான் இதைக் காட்ட முடியும். 1:10 அளவில், 11 செ.மீ. நீளத்துக்கு, அட்டையில் ஒன்றைத் தனியாகச் செய்துகொள்வது நல்லது.

உருவங்களில் இரண்டு பிழை. பலியைப் பீடத்தில் எரிக்கும் சர்வாங்க தகனபலிக் காட்சியில் ஆசாரியன் காளையை வெட்டுகிறான். லேவியராகமம் 1:4-5-ன்படி, அதன் தலைமேல் கை வைப்பவனும் அதைக் கொல்பவனும் பலி கொண்டுவந்த மனிதனே. ஆசாரியனின் பங்கு இரத்தத்திலிருந்து தொடங்குகிறது. இது சிறிய விஷயம் இல்லை. ‘எனக்குப் பதிலாக’ என்ற சொல்லுக்கு அர்த்தம் அந்தக் கையில்தான் இருக்கிறது. அடுத்தது, வருஷத்துக்கு ஒருமுறை ஜனங்களின் பாவங்களுக்காகப் பலியிடும் பாவநிவிர்த்தி நாளின் பிரதான ஆசாரியனுக்கு ஏபோத்தும் (பொன் இழையிட்ட மேலாடை) மார்ப்பதக்கமும் மாட்டியிருக்கிறார்கள். மகா பரிசுத்த ஸ்தலம் என்னும் அந்த உள்ளறைக்குள் அவன் சாதாரணச் சணல்நூல் வஸ்திரத்தோடு போனான் (லேவி. 16:4). வெள்ளை பூசினால் தீர்ந்தது.

ஒட்டும்போது சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி பொன் பூச்சின்மேல் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும். பிளாஸ்டிக் மாதிரிகளுக்கான பசையைக் குச்சியால் தொட்டு வையுங்கள். தூண்களை முதலில் பசையில்லாமல் நட்டுப் பார்ப்பதும் அவசியம்.

திரைச்சீலை விறைப்பான பிளாஸ்டிக் தகடு. அதை எடுத்துவிட்டு மெல்லிய துணி கட்டுங்கள். மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் கிழிந்தது பிற்கால தேவாலயத்தின் திரை (மத். 27:51), அதைச் சொல்லிவிட்டே கிழித்துக் காட்டலாம்.

கூட வரும் கையேட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஆணிக்கும் ஒரு பொருள் எழுதியிருக்கிறார்கள். வேதம் சொல்லாதது அதில் நிறைய. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து, எபிரெயர் 9, 10 அதிகாரங்களைப் படிக்காமல் விடுகிறார்கள். கூடாரத்தில் நாற்காலியே கிடையாது, ஆசாரியன் நாள்தோறும் நின்றுகொண்டே பலியிட்டான், கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்தி உட்கார்ந்தார் (எபி. 10:11-12) என்ற அருமையான குறிப்பு கையேட்டில் இல்லவே இல்லை.

அடித்தட்டு பிராகாரச் சுவரோடு முடிந்துவிடுகிறது. பாவநிவாரணபலியின் உடல்கள் சுட்டெரிக்கப்பட்டது பாளயத்துக்குப் புறம்பே. பாவங்களைச் சுமந்த போக்காடு (அனுப்பிவிடப்படும் வெள்ளாட்டுக்கடா) போனதும் வெளியே, வனாந்தரத்துக்கு. மாதிரியை மேசையின் நடுவில் வைக்காமல் ஓரத்துக்குத் தள்ளி, வெளியே உங்கள் கையால் ஒரு முழ இடம் காலியாக விடுங்கள். இயேசு நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்னும் எபிரெயர் 13:12 வரும்போது விரல் போய் நிற்க வேண்டிய இடம் அது.