ஓட்டல் குப்பையை யாரிடம் கொடுப்பது? மாநகராட்சி வண்டி, பண்ணைக்காரர், தனியார் ஒப்பந்தம், சொந்த பயோகேஸ்: ஓர் அலசல்

சென்னையில் ஒரு நடுத்தர சைவ ஓட்டலை எடுத்துக்கொள்வோம். காலையும் மாலையும் டிபன், மதியம் இலைச் சாப்பாடு, வாசலில் காபி. இப்படிப்பட்ட கடையில் சேரும் குப்பையில் பெரும்பங்கு ஈரம்தான்: காய்கறித் தோல், எச்சில் இலை, மிஞ்சிய சாதம், சாம்பார், டீத்தூள். மீதி அட்டைப்பெட்டி, பால் கவர், எண்ணெய் டின், அரிசிச் சாக்கு. இதை எடுத்துப்போக ஆள் தேடும்போது முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு?" அதோடு சேர்த்து இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும் என்பேன்: கூலி எடைக்கா, மாசத்துக்கா? கீழே வரும் ஒவ்வொரு வழியின் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில்தான் பிரிகிறது.

அதற்கு முன் சட்டம் போட்டிருக்கும் கோடு ஒன்று உண்டு: நாளுக்கு 100 கிலோ. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், சராசரியாக அதற்கு மேல் குப்பை சேரும் இடங்களை மொத்தக் கழிவு உற்பத்தியாளர் என்று தனியாகப் பிரித்தன. 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதிய விதிகளிலும் அந்த 100 கிலோ அப்படியே இருக்கிறது. 20,000 சதுர மீட்டர் தளப்பரப்பு, நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு என்ற அளவுகோல்களும் கூடச் சேர்ந்திருக்கின்றன. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் ஈரக்கழிவை முடிந்தவரை தங்கள் இடத்திலேயே கையாள வேண்டும். கீழே இருப்பவர்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு உண்டு: ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, பல்பு பேட்டரி போன்றவை என நான்காக.

உங்கள் கடை கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தெரியுமா? பலரும் எடை போட்டே பார்த்திருக்க மாட்டார்கள். காய்கறி எடைபோடும் தராசிலேயே ஒரு வாரம் இரவில் குப்பையை நிறுத்துப் பாருங்கள். அந்த வாரத்தில் ஒரு ஞாயிறும், முடிந்தால் ஒரு முகூர்த்த நாளும் இருக்கட்டும். அப்போதே இன்னொன்றும் கண்ணில் படும். எச்சில் இலையை மடித்துப் போடும்போது ரசமும் மோரும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. தொட்டியின் அடியில் தேங்கும் அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் எடை, நாற்றம், சில சமயம் கூலி. ஓட்டை போட்ட கூடையை ஒரு வாளியின் மேல் வைத்து, இலையை அதில் கொட்டி வடியவிட்டால் சுமை கண்கூடாகக் குறையும். செலவு ஒரு கூடை, ஒரு வாளி.

மாநகராட்சி வண்டி

மலிவு, சட்டப்படி சரி, தேடி அலைய வேண்டாம். சிறிய டீக்கடைக்கும் டிபன் கடைக்கும் இதைவிட வேறு தேவையில்லை.

"மாநகராட்சியா, தனியாரா?" என்ற கேள்வியே சென்னையில் பாதி பழசாகிவிட்டது. 2020-இல் ஏழு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலை உர்பேசர் சுமீத் என்ற தனியார் நிறுவனத்துக்குப் போனது. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஆக, உங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டி பெரும்பாலும் ஒரு கம்பெனியின் வண்டிதான்.

ஓட்டல்காரருக்கு இதில் உள்ள சிக்கல் நேரம். கடை மூடுவது இரவு பதினொன்றுக்கு, வண்டி வருவது காலையில். ராத்திரி சேர்ந்த இலையும் சாதமும் விடியும்வரை பின்கட்டில் கிடக்கும். மே மாதத்தில் அது என்ன மணம் மணக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எலித் தொல்லை தனி. இன்னொரு சிக்கல் மனம் சார்ந்தது. கிளீனர் பையன் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று ஒழுங்காகப் பிரித்து எடுத்துப்போய்க் கொடுக்க, இரண்டையும் வண்டியில் ஒன்றாகக் கொட்டினால் மறுநாள் அவன் பிரிக்க மாட்டான். எல்லா வண்டியும் அப்படி இல்லை. ஆனால் அப்படிக் கொட்டும் தெருக்களை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் தெருவில் எப்படி என்று ஒரு காலை நின்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பண்ணைக்காரர்

எந்த அரசு விளம்பரத்திலும் இவர் இருக்க மாட்டார், ஆனால் தமிழ்நாட்டு ஓட்டல்களின் பின்வாசலில் பல காலமாக வந்துபோகிறவர். பன்றிப் பண்ணைக்காரர் மிஞ்சிய சாதம், குழம்பு, காய்த்தோலை நீல டிரம்மில் அள்ளிக்கொண்டு போவார். பெரும்பாலும் காசு கேட்பதில்லை, சில இடங்களில் கொடுக்கவும் செய்வார். நேரம் தவறமாட்டார், ஏனென்றால் அது அவருடைய தீவனம். பிரிப்பதில் இவரைப் போலக் கறாரானவர் யாரும் இல்லை. டிரம்மில் ஒரு பல்குச்சியோ பிளாஸ்டிக் கவரோ கிடந்தால் அன்றைக்கே திட்டு விழும்.

ஆனால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கணக்கை மாற்றிவிட்டது. 2020-இல் அசாமில் தலைகாட்டிய நோய், 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் வரை வந்தது. மனிதர்களுக்குப் பரவாது என்றாலும் பன்றிகளுக்கு மருந்தில்லாத நோய். கொதிக்கவைக்காத ஓட்டல் மிச்சம், அதிலும் பன்றி இறைச்சி கலந்தது, நோய் பரவும் வழிகளில் ஒன்று. சைவ ஓட்டலுக்கு ஆபத்து குறைவு, அசைவத்துக்கு அதிகம். "கொதிக்கவைச்சுத்தான் போடுறீங்களா?" என்று கேட்டு, நம்பும்படி பதில் வந்தால் தொடரலாம். இலை, டீத்தூள் எல்லாம் இவருக்கு வேண்டாம் என்பதால் வேறொரு வழியும் கூடவே வேண்டும். ரசீது எதுவும் வராது என்பதையும் மறக்காதீர்கள். அதிகாரி வந்து கேட்டால் காட்டக் கையில் காகிதம் இருக்காது.

தனியார் ஒப்பந்தம்

கோட்டுக்கு மேலே இருக்கும் கல்யாண மண்டபம், பெரிய உணவகம், ஐ.டி. வளாகக் கேன்டீன் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். இரவில் வருவார்கள், தொட்டி தருவார்கள், பில் தருவார்கள். விலைப்பட்டியலைப் பார்த்தால் எல்லாரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள்.

கூலி கேள்வி இங்கேதான் கடிக்கிறது. மாசத்துக்கு ஒரே தொகை என்றால் நீங்கள் பிரித்தாலும் ஒன்றுதான், பிரிக்காவிட்டாலும் ஒன்றுதான். எவ்வளவு கொட்டினாலும் அதே காசு என்பதால் சமையற்கட்டில் யாரும் குறைக்க மெனக்கெட மாட்டார்கள். ஒப்பந்தக்காரர் பக்கம் இதைவிட மோசம். அவருக்குக் கிடைக்கும் பணம் உறுதி, ஆகவே லாபம் கூட வேண்டுமென்றால் கொண்டுபோகும் தூரத்தையும் கொட்டும் செலவையும் குறைப்பதுதான் வழி. எடைக்கூலியில் ஒவ்வொரு கிலோவும் பில்லில் தெரியும். வடித்த இலைக்கும் வடிக்காத இலைக்கும் வித்தியாசம் மாசக் கடைசியில் ரூபாயாகவே வரும். அதில் ஏமாற்று இல்லாமல் இல்லை. தராசு அவருடையது என்றால் உங்கள் தராசிலும் அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள்.

மலிவான ஒப்பந்தம் எங்கே போய் முடியும் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் திருநெல்வேலி. 2024 டிசம்பரில் கோடகநல்லூர், நடுக்கல்லூர் பக்கம் கேரள மருத்துவமனைக் கழிவு மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தது. கிழிந்த மூட்டைகளில் நோயாளிகளின் காகிதங்கள் இருந்ததால், எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரமாகவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரள அரசே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிப் போனது. ஓட்டல் குப்பையும் மருத்துவக் கழிவும் வேறுதான். ஆனால் உங்கள் பில் புத்தகம், பெயர் அச்சிட்ட பார்சல் கவர் எல்லாம் உங்கள் குப்பையில் இருக்கின்றன. ஏரிக்கரையில் அது கிடந்தால் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் எந்த இடத்துக்குப் போகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அந்த இடத்தின் எடைச்சீட்டு மாதாமாதம் வரவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேருங்கள். ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் நேரில் போய்ப் பாருங்கள். "அதெல்லாம் எதுக்கு சார், நாங்க பாத்துக்கறோம்" என்பவரை விட்டுவிடலாம்.

கடைக்குள்ளேயே: உரம், பயோகேஸ், மெஷின்

கேட்க நன்றாக இருக்கும் வழி இது. கணக்குப் போட்டால் கொஞ்சம் சுருங்கும்.

பயோகேஸில், அதாவது மூடிய கலனில் கழிவை மக்கவைத்து எரிவாயு எடுப்பதில், ஏறத்தாழ 10 கிலோ சமையல் கழிவுக்கு ஒரு கனமீட்டர் வாயு. ஒரு கனமீட்டர் என்பது 450 கிராம் எல்.பி.ஜி. அளவுக்கு எரியும். நாளுக்கு 40 கிலோ போட்டால் 1.8 கிலோ காஸ். 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று மிச்சமாகப் பத்து நாளுக்கு மேல் ஆகும். காஸ் பில் பாதியாகும் என்று விற்பனையாள் சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போடுங்கள். குப்பை குறைவது மட்டும் உண்மை, அதற்காக வைக்கலாம்.

விற்பனையாள் சொல்லாத விஷயம் இன்னொன்று. 40 கிலோவோடு ஏறக்குறைய அதே அளவு தண்ணீர் சேர்த்து ஊற்றுகிறோம். மறுபக்கம் தினமும் 80 லிட்டருக்குச் சற்றே குறைவாகக் கரைசல் வெளியே வரும். தோப்போ தோட்டமோ இருந்தால் அருமையான உரம். தி.நகர் சந்து ஒன்றில் அதை எங்கே ஊற்றுவது? வாழையிலையும் எலுமிச்சைத் தோலும் உள்ளே போகக்கூடாது. முகூர்த்த நாள் மிச்சம் முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் கலன் புளித்து வாயு நின்றுவிடும், பிறகு தேறிவரச் சில வாரங்கள் ஆகலாம்.

உரக்குழிக்கு அந்த வம்பு இல்லை. காய்ந்த சருகோ தேங்காய் நார்க்கழிவோ கலந்து, ஈரம் பார்த்து, கிளறிவிட்டால் நாற்பது நாள் பக்கத்தில் உரமாகும். ஆனால் 40 கிலோ வீதம் நாற்பது நாளைக்கு 1.6 டன். பாதிக்குமேல் சுருங்கினாலும் அதற்கான இடத்துக்கு வாடகை யார் கொடுப்பது? நெடுஞ்சாலை ஓட்டலுக்கும் பள்ளி, கல்லூரிக் கேன்டீனுக்கும் இது அருமையாகப் பொருந்தும்.

'24 மணி நேரத்தில் உரம்' என்று விற்கும் மின்சார மெஷினைப் பற்றி ஒரு வரி போதும்: ஒரே நாளில் வெளியே வருவது காய்ந்து பொடியான கழிவு, மக்கி உரமாக அதற்கு இன்னும் சில வாரங்கள் வேண்டும், கரண்ட் பில் தனி.

சரி, நான் எதை எடுப்பேன்? 100 கிலோவுக்குக் கீழே உள்ள நகரத்துக் கடைக்கு, வடித்துப் பிரித்த ஈரக்கழிவை மாநகராட்சி வண்டிக்கு. நம்பகமான பண்ணைக்காரர் இருந்தால் மிஞ்சிய சாப்பாட்டை அவருக்கு. மேலே உள்ள கடைக்கு எடைக்கூலி ஒப்பந்தம். இடமும், அதை மட்டுமே பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் உரக்குழி. பயோகேஸ் அதற்கு அடுத்து, கரைசலுக்கு இடம் இருந்தால் மட்டும்.

உலர்ந்ததும் எண்ணெயும்

உலர்கழிவில் போட்டி பழைய பேப்பர் கடைக்கும் மொபைல் ஆப்புக்கும். ஆப்பில் விலை வெளிப்படை, மின்னணுத் தராசு, பணம் யு.பி.ஐ.யில். ஆனால் தினமும் அட்டை சேரும் கடைக்கு, கூப்பிட்ட நேரத்தில் சைக்கிளில் வந்து நிற்கும் பழைய பேப்பர் கடைக்காரரே மேல். எண்ணெய் டின்னையும் சாக்கையும் எடைக்குப் போடாதீர்கள். நசுங்காத டின்னுக்கும் கிழியாத சாக்குக்கும் தனி வியாபாரிகள் இருக்கிறார்கள், உருப்படிக் கணக்கில் விலை கூடக் கிடைக்கும். கொட்டாங்குச்சிக்கும் கரி போடுகிறவர்களிடம் கிராக்கி உண்டு. பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் விலை போகும், பால் வாடையோடு கொடுத்தால் தள்ளிவிடுவார்கள். சிப்ஸ், பிஸ்கட் பாக்கெட் போன்ற பல அடுக்குத் தாள்களை இருவருமே பெரும்பாலும் தொடுவதில்லை. அவை மாநகராட்சி வழியாக சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போனால் உண்டு.

பொரித்த எண்ணெயில் ஒப்பிட அதிகமில்லை. மொத்த போலார் சேர்மம் (திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் கெடுபொருள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கும் கடைகள் அதற்குக் கணக்கு எழுதிவைக்க வேண்டும். பயோடீசலுக்காக, உணவுப் பாதுகாப்புத் துறை அங்கீகரித்த சேகரிப்பாளர்கள் லிட்டருக்குக் காசு கொடுத்தே வாங்குகிறார்கள். தெருமுனைப் பஜ்ஜிக் கடைக்காரர் அதைவிட ஐந்து ரூபாய் கூடத் தருகிறேன் என்றால் கொடுக்க வேண்டாம். அது திரும்ப வாணலிக்குத்தான் போகும்.