ஒன்பதாவது இன்னிங்ஸை யாரிடம் கொடுப்பது? குளோசர் இல்லாத அணிக்கு நான்கு வழிகள்

2025 செப்டம்பர் 6, பால்டிமோரில் ஒரு பேஸ்பால் ஆட்டம், ஒன்பதாவதும் கடைசியுமான இன்னிங்ஸ். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3-0 என முன்னிலை. பிட்சர் (பந்து வீசுபவர்) யோஷினோபு யமமோட்டோ ஒரு ஹிட்கூட (பேட்டர் அடித்து பேஸ் ஏறுவது) கொடுக்காமல் 26 அவுட் எடுத்துவிட்டார், இன்னும் ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து உள்ளூர் அணியின் ஜாக்சன் ஹாலிடே ஹோம் ரன் அடித்தார். யமமோட்டோவை எடுத்துவிட்டு பிளேக் ட்ரைனனை இறக்கினார்கள். ஒரு டபுள் (இரண்டு பேஸ் தரும் அடி), பேட்டர் உடம்பில் பட்ட ஒரு பந்து, இரண்டு வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச பேஸ்). ஸ்கோர் 3-2, மூன்று பேஸிலும் ஆள். அடுத்து வந்த டானர் ஸ்காட்டிடம் இம்மானுவேல் ரிவேரா ஒரு சிங்கிள் தட்ட, இரண்டு பேர் ஓடி வந்து ஆட்டம் 4-3 என முடிந்துபோனது. முந்தைய இரவும் அதே மைதானத்தில் ஸ்காட்டின் பந்தில் சாமுவேல் பசாயோ அடித்த ஹோம் ரனில்தான் டாட்ஜர்ஸ் தோற்றிருந்தது.

அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஸ்காட்டுக்கு 4 ஆண்டுகளுக்கு 7.2 கோடி டாலர் கொடுத்திருந்தார்கள். சீசன் முடிவில் அவர் கணக்கு: 23 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்), 10 கோட்டைவிட்ட சேவ், இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) 4.74.

கிரிக்கெட்டின் கடைசி ஓவர் பவுலரை மனதில் வைத்து, முன்னிலையைக் காக்க ஒன்பதாவது இன்னிங்ஸில் இறங்கும் குளோசரைப் புரிந்துகொள்ளலாம். ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம்: பேஸ்பாலில் ஒருமுறை வெளியே எடுத்த பிட்சரைத் திரும்ப இறக்க முடியாது. இன்னொன்று, சேவ் என்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது. 1969-இல் அதிகாரபூர்வமான இந்தக் கணக்குப்படி, மூன்று ரன் முன்னிலையோடு வந்து ஒரு முழு இன்னிங்ஸை முடித்தாலே ஒரு சேவ். நடுவில் இரண்டு ரன் கொடுத்தாலும் சேவ் சேவ்தான். ஒரு ரன் முன்னிலையில், எதிரணியின் முதல் மூன்று பேட்டர்களை எட்டாவது இன்னிங்ஸில் சமாளித்தவருக்கு அது கிடையாது. சேவ் எண்ணிக்கையை வைத்து ஆள் எடுக்கும் அணி பாதி நேரம் தவறான ஆளுக்குத்தான் பணம் கொடுக்கிறது.

பெயர் பெற்றவரை விலைக்கு வாங்குவது

ஸ்காட் ஏன் சறுக்கினார்? 2024-இல் அவர் கொடுத்த ஹோம் ரன்கள் வெறும் 3, இன்னிங்ஸ் 72. 2025-இல் 57 இன்னிங்ஸில் 11. வாக் கொடுப்பது வெகுவாகக் குறைந்ததை முதலில் முன்னேற்றம் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அவரிடம் இருப்பது ஃபாஸ்ட்பால் (வேகப் பந்து), ஸ்லைடர் (பக்கவாட்டில் விலகும் பந்து) இரண்டும்தான். பந்து எங்கே போகும் என்று தெரியாதவரை பேட்டருக்குப் பயம் இருக்கும். பந்து ஸ்ட்ரைக் எல்லைக்குள் அடிக்கடி வர ஆரம்பித்ததும், இரண்டில் ஒன்றை ஊகித்து அடித்துவிட்டார்கள். ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் பிட்சர்) ஆண்டுக்கு வீசுவதே 60, 70 இன்னிங்ஸ். அவ்வளவு சின்னக் கணக்கை வைத்து நான்கு ஆண்டு ஒப்பந்தம் போடுவதுதான் இந்த வழியின் ஓட்டை.

நன்றாக அமைந்த உதாரணமும் உண்டு. 2003 டிசம்பரில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் கீத் ஃபூல்க்கை எடுத்தது. அவரிடம் பெரிய வேகம் கிடையாது, ஆனால் அவருடைய சேஞ்ச்அப் (வேகப் பந்து போலத் தெரிந்து மெதுவாக வரும் பந்து) இடக்கை பேட்டர்களையும் திணறடித்தது. 2004-இல் 32 சேவ். பிளேஆஃபில் 14 இன்னிங்ஸில் ஒரே ரன். நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான தொடரில் 4, 5, 6 ஆகிய மூன்று ஆட்டங்களிலும் அடுத்தடுத்த நாட்களில் வீசினார். உலகத் தொடரின் (கோப்பைக்கான இறுதித் தொடர்) கடைசிப் பந்தும் அவர் கையுறைக்குள்தான் வந்து விழுந்தது. மறு ஆண்டே முழங்கால் கோளாறு, இஆர்ஏ 5.91. வாங்குவதாக இருந்தால் ஓரிரு ஆண்டுக்கு வாங்குங்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

குழுவாகப் பங்கிட்டுக் கொள்வது

இதே ரெட் சாக்ஸ், ஃபூல்க் வருவதற்கு முந்தைய ஆண்டு முயன்றது இந்த வழியைத்தான். 2002-இல் 40 சேவ் எடுத்த உகெத் உர்பினா போன பிறகு, குளோசர் என்று யாரையும் வைக்கவில்லை. எந்தக் கட்டம் ஆபத்தோ அங்கே நல்ல ரிலீவரை இறக்கு, அது ஏழாவது இன்னிங்ஸாக இருந்தாலும் சரி என்பது யோசனை. ஆலோசகராக பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் இருந்தார், பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன். 2003 மார்ச் 31, டாம்பா பே அணியுடன் முதல் ஆட்டம். பெட்ரோ மார்ட்டினெஸ் 4-1 என்று விட்டுச்சென்றதை, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆலன் எம்ப்ரியும் சாட் ஃபாக்ஸும் சேர்ந்து 6-4 தோல்வியாக்கினார்கள். கார்ல் க்ராஃபோர்ட் அடித்த மூன்று ரன் ஹோம் ரனோடு கதை முடிந்தது. மே மாத இறுதியில் ஷே ஹில்லன்பிராண்டைக் கொடுத்து ப்யுங்-ஹ்யுன் கிம்மைக் கொண்டுவந்து, அவரையே பிற்பாடு குளோசராக்கினார்கள்.

யோசனை தவறு என்று சொல்ல மாட்டேன். தப்பு ஆட்களிடம் இருந்தது. சுமாரான ஐந்து பேரைச் சுழற்றினாலும் கிடைப்பது சுமாரான ஒன்பதாவது இன்னிங்ஸ்தான். இன்று இந்த வழி இன்னும் சிரமம். 2020 முதல், உள்ளே வரும் ரிலீவர் குறைந்தது மூன்று பேட்டருக்காவது வீச வேண்டும், அல்லது அந்த அரை இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரு இடக்கை பேட்டருக்காக மட்டும் ஒருவரை இறக்கி உடனே எடுக்கும் பழைய வித்தை போய்விட்டது. இதில் வெளியே தெரியாத செலவு ஒன்றும் உண்டு. யார் இறங்குவார் என்று தெரியாததால் புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) இருவர் மூவர் சூடேற்றிக்கொள்வார்கள். இறங்காமல் உட்கார்ந்தாலும் அந்த வீச்செல்லாம் கையிலிருந்துதான் கழியும். குழு முறையில் போவதென்றால், அன்றன்று யார் எந்தப் பேட்டர்களுக்கு என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஜூலையில் பண்டமாற்று

2016 ஜூலை 25 அன்று சிகாகோ கப்ஸ், அரோல்டிஸ் சாப்மனுக்காக க்ளேபர் டோரெஸ் உட்பட நால்வரை யாங்கீஸுக்குக் கொடுத்தது. கோப்பை வந்தது, 108 ஆண்டுக் காத்திருப்பும் முடிந்தது. அந்த வகையில் விலை தகும். ஆனால் உலகத் தொடரைக் கூர்ந்து பாருங்கள். ஐந்தாவது ஆட்டத்தில் சாப்மன் எட்டு அவுட்டுக்கு 42 பந்து வீசினார். ஆறாவதில் ஐந்து ரன் முன்னிலை இருந்தும் ஏழாவது இன்னிங்ஸிலேயே அழைத்து 20 பந்து வீச வைத்தார்கள். ஏழாவது ஆட்டத்தில் கை சோர்ந்துபோய், எட்டாவது இன்னிங்ஸில் ராஜாய் டேவிஸிடம் இரண்டு ரன் ஹோம் ரன் வாங்கினார், ஆட்டம் 6-6. பத்தாவது இன்னிங்ஸில் கடைசி அவுட்டை எடுத்தது மைக் மான்ட்கோமரி, அதுதான் அவர் வாழ்க்கையின் முதல் சேவ். ஒரே ஆளை நம்பி வாங்கும்போது வரும் ஆபத்து இது: மற்றவர்களை மேலாளர் மறந்துபோகிறார். அந்த டிசம்பரில் சாப்மன் 5 ஆண்டு, 8.6 கோடி டாலர் ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்கே திரும்பிவிட்டார். டோரெஸும் அங்கேதான் இருந்தார்.

உபரியாக இருக்கும் ஸ்டார்ட்டரை மாற்றுவது

என் முதல் ஓட்டு இதற்கே. ஸ்டார்ட்டர், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி ஐந்தாறு இன்னிங்ஸ் வீசுபவர், வேகத்தைச் சேமித்துக்கொண்டே வீசுவார். ஒரே இன்னிங்ஸ் என்றால் மொத்தத்தையும் இறக்கலாம். மூன்றாவது நான்காவது வகைப் பந்தும் தேவையில்லை, ஏனென்றால் அதே பேட்டரை இரண்டாம் முறை பார்க்கவே போவதில்லை. டென்னிஸ் எக்கர்ஸ்லி 1987-இல் ஓக்லண்ட் வரும்வரை ஸ்டார்ட்டர்தான். 1990-இல் 48 சேவ், இஆர்ஏ 0.61, அந்த ஆண்டு முழுக்கக் கொடுத்த வாக் 4. முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பிய ஜான் ஸ்மோல்ட்ஸ் 2002-இல் 55 சேவ் எடுத்தார்.

2025-இல் டாட்ஜர்ஸைக் காப்பாற்றியதும் இதுதான். தோள் வலியால் மாதக்கணக்கில் வெளியே இருந்த ரோக்கி சசாக்கி, செப்டம்பர் இறுதியில் ரிலீவராகத் திரும்பினார். ஃபாஸ்ட்பால் மணிக்கு 100 மைலை எட்டியது, கூடவே அந்த ஸ்ப்ளிட்டர் (பேட்டர் அருகே திடீரெனக் கீழே இறங்கும் பந்து). பிளேஆஃபில் பிலடெல்பியாவுக்கு எதிரான தொடரின் நான்காவது ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ், ஒன்பது பேர், ஒருவர்கூட பேஸ் ஏறவில்லை.

இதிலும் கோளாறு வரும் இடங்கள் உண்டு. ஸ்டார்ட்டர் நிதானமாக, நேரம் எடுத்துச் சூடேற்றிப் பழகியவர். ரிலீவர் ஒரு சில பேட்டர்களின் நேரத்துக்குள் தயாராக வேண்டும். வாரம் ஒருமுறை வீசிய கை அடுத்தடுத்த நாள் வீசுமா என்பது தனிக் கேள்வி. அடுத்த தொடரில் மில்வாக்கியுடன் முதல் ஆட்டத்தில் சசாக்கி இரண்டு வாக், ஒரு டபுள் கொடுத்து 2-1 என்ற நிலையில் வெளியேறினார். ட்ரைனன் வந்து முடித்தார். டொரான்டோவில் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் இரண்டாவது, மூன்றாவது பேஸில் ஆளை வைத்துவிட்டுப் போனார், அவுட் ஒன்றும் விழவில்லை. இன்னொரு ஸ்டார்ட்டர் டைலர் கிளாஸ்நோ வந்து மூன்றே பந்தில் ஆட்டத்தை மூடினார். மறுநாள் ஏழாவது ஆட்டத்தில், முந்தைய இரவு 96 பந்து வீசிய யமமோட்டோ மேலும் எட்டு அவுட் எடுத்தார். இப்படி வீச வைப்பது பிளேஆஃபில் செல்லும், 162 ஆட்டச் சீசனில் செல்லாது. ஸ்டார்ட்டரை மாற்றுவதை ஏப்ரலில் செய்வதானால் முதல் மாதம் ஆளில்லாத பேஸோடு, இன்னிங்ஸின் தொடக்கத்தில் மட்டும் இறக்கி, மறுநாள் ஓய்வு கொடுத்துப் பழக்க வேண்டும்.

சசாக்கியை நீண்ட காலத்துக்கு ஸ்டார்ட்டராகத்தான் பார்க்கிறார்கள் என்பதால், 2025 டிசம்பரில் டாட்ஜர்ஸ் மறுபடி கடைக்குப் போனது: எட்வின் டயஸ், 3 ஆண்டு, 6.9 கோடி டாலர். 2025-இல் நியூயார்க் மெட்ஸில் அவருக்கு 28 சேவ், இஆர்ஏ 1.63. அவரும் ஃபாஸ்ட்பால், ஸ்லைடர் என்ற இரண்டை நம்பியே வீசுபவர். 2026-இல் 32 வயது. ஏப்ரல், மே மாதங்களில் அவருடைய சேவ் எண்ணிக்கையை விடுங்கள். ஃபாஸ்ட்பால் வேகம் குறைகிறதா, ஸ்லைடர் நடுவில் தொங்கி ஹோம் ரனாகிறதா என்று பாருங்கள். ஸ்காட் விஷயத்தில் இஆர்ஏவைவிட அந்த 11 ஹோம் ரன்கள்தான் கதையைச் சொல்லின.