ஏரிக்கரையில் எதை எண்ணுவது? மஸ்கோகா, அடிரொன்டாக், டாஹோ

டொராண்டோவிலிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் கார் ஓட்டினால் மஸ்கோகா. கோடையில் நம்மவர்கள் குடும்பத்தோடு காட்டேஜ் வாடகைக்கு எடுக்கும் இடம்தான். மஸ்கோகா, ரோசோ, ஜோசப் என்ற மூன்று பெரிய ஏரிகளின் கரையிலும் வீடுகள் நெருங்கிவிட்டன. இனி எவ்வளவு கட்ட விடலாம் என்பது அங்கே தீராத வழக்கு. நியூயார்க் மாநிலத்தின் அடிரொன்டாக், கலிபோர்னியா-நெவாடா எல்லையிலுள்ள டாஹோ ஏரி இரண்டிலும் இதே தலைவலி உண்டு. ஆனால் மூன்று இடத்திலும் எண்ணுகிற பொருள் வேறு.

மஸ்கோகா நீண்ட காலம் பாஸ்பரஸை எண்ணியது. அங்கே கருங்கல் பாறைமேல் மண் மெல்லிய படலம்தான்; செப்டிக் குழியிலிருந்து கசிவது ஏரிக்கு வந்து பாசியை வளர்க்கும். அதனால் மனிதர் வருமுன் ஏரியில் எவ்வளவு பாஸ்பரஸ் இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, அதற்கு மேல் 50 சதவீதம் வரை கூடலாம் என்பது ஒன்டாரியோ மாகாணத்தின் அளவுகோல். வரம்பைத் தொட்ட ஏரியில் புது மனை பிரிக்க வேண்டுமென்றால் செப்டிக் வயல் (கழிவுநீரை மண்ணில் இறங்கவிடும் இடம்) கரையிலிருந்து 300 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் வரும்.

புது மனைகளைத் தடுக்க இது நல்ல கருவி. ஆனால் இன்றைய நெருக்கடி புது மனையால் மட்டும் வருவதில்லை. பழைய சின்னக் காட்டேஜை இடித்துவிட்டு மாளிகை எழுப்புகிறார்கள். அதோடு மாடி வைத்த படகுக் கொட்டகை, கரைவரை புல்தரை. செப்டிக் புதிதாக, தரமாக இருப்பதால் பாஸ்பரஸ் கணக்கு பெரும்பாலும் இதையெல்லாம் கண்டுகொள்ளாது. குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பும் அந்தக் கணக்கில் இல்லை.

அடிரொன்டாக் எண்ணுவது கட்டடங்களை. சுமார் 60 லட்சம் ஏக்கர் பூங்கா. ஏறக்குறைய பாதி தனியார் நிலம். 1973 திட்டப்படி, மிகக் கண்டிப்பான வகை நிலத்தில் சராசரியாக 42.7 ஏக்கருக்கு ஒரு பிரதான கட்டடம். குக்கிராம வகையில் அந்த உச்சவரம்பே இல்லை. காட்டைக் காக்க இது பிரமாதம். ஆனால் 'சராசரி' என்பதில்தான் ஓட்டை: பின்னால் காட்டை விட்டுவிட்டு, வீடுகளைக் கரையோரம் வைக்கலாம். கண்டிப்பான வகையிலும் கரையில் ஒரு மனைக்கு 200 அடி அகலம் இருந்தால் போதும். அப்புறம், ஆயிரம் சதுர அடி வீடும் பத்தாயிரம் சதுர அடி வீடும் அந்த எண்ணிக்கையில் ஒன்றுதான்.

டாஹோ எண்ணுவது மூடப்பட்ட தரையை. அதனால் மூன்றில் எனக்கு இதுவே பிடித்தது. கூரை, சிமென்ட், தார் எல்லாம் சேர்ந்து மனையில் எத்தனை சதவீதம் மூடலாம் என்பதை மண்ணும் சரிவும் தீர்மானிக்கும்: எளிதில் பாதிக்கப்படும் நிலத்தில் 1 சதவீதம், உறுதியான நிலத்தில் 30 வரை. கட்டக்கூடாத மனைக்காரர் தரையை மூடும் தன் உரிமையை வேறு மனைக்காரருக்கு விற்கலாம். 1980களின் தொடக்கத்தில் 32 மாதம் கட்டுமானத்தையே நிறுத்தி வைத்தார்கள். அது தானாகவே சொத்துப் பறிப்பு ஆகிவிடாது என்று 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

விலையும் பெரிது. வீடு கிடைப்பது அரிதாகி, ஹோட்டலில் வேலை செய்பவர் ஏரிப்பக்கம் குடியிருக்கவே முடியாத நிலை. அவ்வளவு செய்தும், 1960களின் இறுதியில் 31 மீட்டர் ஆழம்வரை தெளிவாகத் தெரிந்த தண்ணீர் இப்போது 20 மீட்டருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. சாலைகளிலிருந்து வரும் நுண்மண் அதற்கு முக்கியக் காரணம்.

மஸ்கோகாவுக்கு டாஹோவின் உரிமைச் சந்தை வேண்டாம். தரைக் கணக்கு மட்டும் போதும் என்பேன். மனையில் எவ்வளவு பரப்பில் கட்டலாம் என்ற வரம்பு ஊர்ச் சட்டங்களில் ஏற்கெனவே உண்டு. சரி, பிறகென்ன குறை? 'சிறு விலக்கு' கேட்டு மனு போட்டு வரம்பைத் தாண்டும் வழி திறந்தே இருக்கிறது. முன்பெல்லாம் அதை எதிர்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்பாயம் போகலாம். 2022இல் மாகாணம் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம் அந்த உரிமையையும் எடுத்துவிட்டது. இனி எதிர்ப்பதென்றால் பெரும்பாலும் நகராட்சியே முன்வர வேண்டும்.