சங்கக்கடைக்காரன் பார்வையில் ஆஸ்பென் கார்ட்

ஊரில் எனக்குச் சங்கக்கடையில் வேலை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் சின்னக் கிளை. இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு நிவாரணம் கொடுத்ததும் நாங்கள்தான். நிவாரணக் கார்ட்டை வாங்கி, குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்து, அரிசி, மா, பருப்பு, சீனியை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் கார்ட்டில் கீறி விடுவோம். அதனால் இப்படியான கார்ட் ஒன்றை எடைபோடக் கொஞ்சம் தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். பிரித்தானியாவில் அசைலம், அதாவது அகதித் தஞ்சம், கேட்டவர்களுக்குக் கொடுக்கும் ஆஸ்பென் கார்ட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். என் கேஸ் முடிந்துவிட்டது, கார்ட்டும் இப்போது கையில் இல்லை. ஆறுதலாக எழுதலாம்.

பார்வைக்குச் சாதாரண டெபிட் கார்ட் மாதிரித்தான். நாலு இலக்க பின் நம்பர், வாரத்துக்கு ஒரு தடவை காசு விழும். சொந்தமாகச் சமைக்கிற வீட்டில் போட்டிருந்தால் 2024 ஜனவரியிலிருந்து ஆளுக்கு 49.18 பவுண். ஹோட்டலில் வைத்து மூன்று வேளையும் சாப்பாடு தந்தால் பத்துப் பவுணுக்கும் குறைவு. வேலை செய்யக்கூடாது. ஒரு வருடம் தாண்டியும் முடிவு வராவிட்டால் அனுமதி கேட்கலாம், அதுவும் அரசாங்கத்தின் பட்டியலில் இருக்கிற வேலைகளுக்கு மட்டும். ஆகவே இதில் விழுவதுதான் முழு வருமானமும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதை நீட்டினால் கல்லாவில் நிற்கிற பிள்ளைக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இது சின்ன விஷயமில்லை. லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கிற ஒரு அண்ணை 2000ஆம் ஆண்டு, காசுக்குப் பதில் கடைக் கூப்பன் கொடுத்த வவுச்சர் காலத்தில் வந்தவர். அப்போது தனி ஆளுக்கு வாரத்துக்கு 36.54 பவுண். அதில் பத்துப் பவுண்தான் காசாக மாற்றலாம், மிச்சம் வவுச்சர். ஐந்து பவுண் வவுச்சருக்கு நாலரைப் பவுண் சாமான் வாங்கினால் மீதியைக் கடை திருப்பித் தராது. தரவேண்டாம் என்பதுதான் விதியே. "தம்பி, உங்களுக்கு மெஷினில காசு வருது. நாங்கள் மிச்சக் காசுக்கு சூயிங்கம் வாங்கினனாங்கள்" என்பார். போக்குவரத்துத் தொழிற்சங்கத்தின் பில் மொரிஸ் போன்றவர்கள் விடாமல் எதிர்த்து, 2002இல் அதை எடுத்தார்கள். பிறகு 2009இல், கேஸ் மறுக்கப்பட்டும் திரும்பிப் போக முடியாதவர்களுக்கு அஸூர் கார்ட் என்று ஒன்று வந்தது. வாரத்துக்கு 35.39 பவுண், குறிப்பிட்ட சில கடைகளில் மட்டும், காசு எடுக்க வழியே இல்லை. பஸ்ஸில் ஏறுவதென்றாலும் யாரிடமாவது கேட்கவேண்டும். 2017இல் வந்த ஆஸ்பென் இதற்கெல்லாம் மேல் என்பதில் சந்தேகமில்லை.

ஆஸ்பெனின் உயிர், காசு எடுக்கிற வசதிதான். காசு விழுகிற அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் மெஷினுக்குப் போவோம். மெஷின் பத்துப் பத்தாகத்தான் தரும். நாற்பது எடுத்தால் 9.18 கார்ட்டில் நிற்கும். அதைப் பால், முட்டை, பாண் என்று சுப்பர்மார்க்கெட்டில் தீர்க்கவேண்டும். தீர்க்காமல் விட்டால் அடுத்த வாரம் 58.36 ஆகும், ஐம்பது எடுக்கலாம். நான் அப்படித்தான் செய்வேன், ஒரு வாரம் இறுக்கிப் பிடித்து மறுவாரம் கொஞ்சம் தாராளமாக. சந்தையில் ஒரு கிண்ணம் தக்காளி ஒரு பவுண், ஒரு கிண்ணம் மிளகாய் ஒரு பவுண் என்று விற்கிறவர்களிடம் கார்ட் எடுபடாது. வெங்காய மூட்டையையும் எண்ணெயையும் நாலு பேராகச் சேர்ந்து வாங்கவும் காசுதான் வேண்டும்.

சீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். வீட்டில் எரித்திரியர் இரண்டு பேர், ஒரு குர்திப் பொடியன், நான். குளிர் தொடங்கியபோது ஒருவருக்கும் ஒழுங்கான ஜக்கெட் இல்லை. ஆளுக்கு வாரம் பத்துப் பவுண் போட்டு, குலுக்கி, விழுகிறவருக்கு நாற்பது என்று யோசனை சொன்னேன். பெரிய எரித்திரியர் சிரித்தார். அவர்களுக்கும் இது பழக்கம்தானாம், எக்குப் என்று சொல்வார்களாம். குர்திப் பொடியனுக்குத்தான் விளக்க நேரம் பிடித்தது. பிறகு கணக்கில் அவன்தான் எல்லோரையும்விடக் கறார். முதல் சீட்டு எனக்கு விழவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கார்ட்டிலிருந்து கார்ட்டுக்கு இப்படிக் கைமாற்ற முடியாது. இந்த வசதியை வடிவமைத்தவர்கள் எங்கள் சீட்டை நினைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் நன்றி.

காசாக எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. கார்ட்டை எந்த ஊரில் எந்தக் கடையில் தேய்த்தோம் என்பது ஹோம் ஒஃபிஸுக்கு, அதாவது உள்துறை அமைச்சுக்கு, தெரியும். அதை வைத்து ஆட்களைக் கண்காணிக்கிறார்கள் என்று 2019இல் பத்திரிகைகளில் வந்தது. தங்கவைத்த ஊரை விட்டு வேறு ஊரில் பாவித்தவர்களிடம் ஏன் அங்கே போனாய் என்ற கேள்வி போனது. நாங்களும் சங்கக்கடையில் கார்ட்டில் கீறினோம்தான். அரிசி வாங்கியாயிற்று என்று மட்டும் கீறினோம். அதைக் கஞ்சி வைத்தாயா, எந்தத் தங்கச்சி வீட்டில் போய் வைத்தாய் என்று கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் மட்டை அட்டை மேல்.

தொகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, போதாது. நாளுக்கு ஏழு பவுணும் சில்லறையும். இங்கிலாந்தில் பஸ் கட்டண உச்சவரம்பு இரண்டு பவுணாக இருந்து, 2025 ஜனவரியில் மூன்றாகியது. பக்கத்து ஊரில் இருக்கிற லோயரிடம் போய்த் திரும்பினால் ஆறு, அன்றைய கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. இந்தத் தொகையும் தானாக ஏறியதில்லை. 40.85இல் நின்றதை, சாமான் விலை ஏறிய 2022ஆம் ஆண்டில் 45க்கு உயர்த்தும்படி அதிகாரிகளே ஆலோசனை கொடுத்திருந்தார்கள். டிசம்பரில் உயர்நீதிமன்றம், உயர்த்தாமல் விட்டது சட்டவிரோதம் என்று சொன்ன பிறகுதான் அசைந்தது.

இன்னொரு குறை, எல்லாம் ஒரே கார்ட்டில் தொங்குவது. 2021 மே மாதம் கார்ட்டை நடத்துகிற கம்பனி மாறியபோது புதுக் கார்ட் வராமலும், வந்தது வேலை செய்யாமலும் பலர் காசில்லாமல் நின்றார்கள், கைக்குழந்தைக்காரர் உட்பட. நான் வருவதற்கு முந்திய கதை. ஆனாலும் மெஷின் திரையில் "பொறுக்கவும்" என்று நிற்கிற அந்த நேரம் எங்கள் வீட்டில் ஒருவரும் பேசமாட்டோம்.

நம்மட ஆட்கள் எழுதுகிற அகதிக் கதைகளில் ஏஜென்ட் வருவான், பனி வரும், இன்டர்வியூ அறை வரும். ஒரு பிளாஸ்டிக் கார்ட்டை வைத்துக்கொண்டு, மோதிரம் அடகு வைக்கிற மாதிரி மெஷின் முன்னால் நிற்கிற ஆள் வருவதில்லை. யாராவது எழுதுங்கள், விபரம் நான் தருகிறேன்.

நட்சத்திரம் கேட்டால் கார்ட்டுக்கு நாலு, அதில் விழுகிற காசுக்கு ஒன்று. கண்காணிப்புக்கு ஒன்றும் கொடுக்க மாட்டேன்.

முடிவுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். அகதி அந்தஸ்து கிடைத்ததும் இந்தக் கார்ட் தொடர்ந்து ஓடும் என்று இருந்துவிடாதீர்கள். நெடுங்காலம் அதற்கு 28 நாள்தான் தவணை. 2024 டிசம்பரில் பரீட்சார்த்தமாக 56 ஆக்கினார்கள், இப்போது உங்களுக்கு எத்தனை என்று கடிதத்திலேயே பாருங்கள். அதன்பிறகு கேட்கவேண்டிய அரசாங்க உதவிப் பணமான யூனிவர்சல் கிரடிட்டில் முதல் காசு வர ஐந்து கிழமை எடுக்கும். தவணை 28 நாள் என்றால், 28க்கும் 35க்கும் நடுவில் ஒரு கிழமை வெறும் கை. ஆகவே கடிதம் வந்த அன்றே விண்ணப்பம் போடுங்கள், போடும்போதே முற்பணமும் கேளுங்கள். அது கடன்தான், பிறகு மாதாமாதம் வெட்டுவார்கள். வங்கிக் கணக்கு திறக்கவும் நாள் எடுக்கும், அதையும் அன்றே தொடங்குங்கள். வீட்டில் சீட்டு ஓடிக்கொண்டிருந்தால் போகிறவருக்கு அந்த வாரத்தைக் கொடுத்துவிடுங்கள், குலுக்க வேண்டாம்.