ஒரே வரியில் ஒரு ஐவிஎஃப் பில்

"ஐவிஎஃப் பேக்கேஜ்" என்று ஒரு வரி, நேரே மொத்தத் தொகை, ஓரத்தில் சீல். அமெரிக்காவிலிருந்து வந்து வாரக்கணக்கில் ஊசி போட்டு, கருமுட்டை எடுத்து, வெளியே உருவாக்கிய கருவை வைத்து முடித்ததற்குச் சென்னை பில்லிங் கவுண்டரில் தந்தது இவ்வளவுதான். பிரித்துக் கேட்டால் "பேக்கேஜுக்கு பிரேக்அப் வராது சார்" என்கிறார்கள். அதற்குமேல் கேட்டால் மேனேஜர் இல்லை, நாளைக்கு வாங்க. விமானத்துக்கு இரண்டே நாள் இருக்கையில் இந்த 'நாளைக்கு வாங்க' வயிற்றெரிச்சல்.

காலை ஏழு மணிக்கு டோக்கன், உடனே ஸ்கேன், மாலைக்குள் டோஸ் சொல்லிவிடும் டாக்டர், "சாப்பிட்டியாம்மா" என்று கேட்கும் சிஸ்டர். இதெல்லாம் அமெரிக்காவில் எங்கே கிடைக்கிறது? அந்த அக்கறை கவுண்டர் வரை வரவில்லையே என்பதுதான் ஆதங்கம்.

பில்லைப் பிரித்துத் தராததன் காரணம் எளிது. இந்தியாவில் பெரும்பாலான மருத்துவக் காப்பீட்டு பாலிசிகள் குழந்தைப்பேறு சிகிச்சையை விலக்கி வைத்திருக்கின்றன. க்ளெய்ம் இல்லாத இடத்தில் பில்லைப் பிரிக்கும் பழக்கம் எப்படி வரும்?

அமெரிக்காவிலும் எல்லோருக்கும் காப்பீடு கிடைப்பதில்லை. மாசசூசெட்ஸில் 1987 முதல் இதைக் கட்டாயமாக்கும் சட்டம் இருக்கிறது. நியூயார்க்கில் 2020 முதல் பெரிய நிறுவனங்களின் பாலிசிகளில் மூன்று சுற்று ஐவிஎஃப். டெக்சாஸில் காப்பீட்டு நிறுவனம் 'தருகிறேன்' என்று முன்வைத்தால் போதும், வாங்குவது முதலாளி இஷ்டம். முதலாளியே செலவை ஏற்கும் செல்ஃப்-ஃபண்டட் திட்டமென்றால், முதலாளிகள் தரும் நலத் திட்டங்களுக்கான 1974இன் மத்தியச் சட்டமான எரிசாப்படி மாநிலக் காப்பீட்டுச் சட்டம் எதுவும் அதைக் கட்டுப்படுத்தாது. மாசசூசெட்ஸின் பாஸ்டனில் வேலை, ஆனாலும் கவரேஜ் இல்லை என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

யார் பணம் கட்டுகிறார்கள் என்பது எத்தனை கரு வைக்கிறார்கள் என்பதையும் மாற்றுகிறது. 2002இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், முழுக் காப்பீடு கட்டாயமான மாநிலங்களில் ஐவிஎஃப் செய்துகொண்டவர்கள் அதிகம், ஒருமுறை வைத்த கருக்கள் குறைவு. ஒரு சுற்றுக்கான கர்ப்ப விகிதம் சற்றுக் குறைந்தது. மூன்று அல்லது அதற்கு மேல் கருக்கள் தங்கும் கர்ப்பங்களும் குறைந்தன. அடுத்த சுற்றுக்கும் பணம் இருக்கிறது என்றால் அவசரம் இல்லை. பேக்கேஜில் ஒரே ஒரு டிரான்ஸ்ஃபர் (கரு வைப்பது), லீவு மூன்றே வாரம் என்றால் "ரெண்டு வச்சிடலாமா" என்ற கேள்வி தானாக வருகிறது. இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவம் வந்து குழந்தைகள் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுவில் கிடக்கும் செலவு எந்த பேக்கேஜிலும் இல்லை. நல்ல பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாம் நாள் வரை வளர்ந்த கரு) இருந்தால் ஒன்றே வையுங்கள், மற்றதை உறைய வையுங்கள்.

பில்லுக்கு வருவோம். அமெரிக்காவில் மருத்துவச் செலவுக்கென வரியில்லாமல் ஒதுக்கும் எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ கணக்குப் பணத்தில் இதைத் திரும்பப் பெற நோயாளி பெயர், சிகிச்சை தந்தவர், தேதி, செய்தது என்ன, தொகை ஆகியவை வேண்டும். முன்பணம் கட்டும் முன்பே, ஸ்கேன், மயக்க மருந்து, கருமுட்டை எடுப்பு, இக்ஸி (முட்டைக்குள் விந்தணுவை ஊசியால் செலுத்துவது), உறையவைப்பு, சேமிப்புக் காலம் ஒவ்வொன்றுக்கும் தனி வரி தருவதாக எழுதி வாங்குங்கள். கட்டிய பிறகு கேட்டால் நடக்காது. ஊசிக்கு மருந்தகத்தின் தனி பில். இங்கே வாங்கி இங்கேயே போட்டுக்கொண்ட, இரு நாட்டிலும் சட்டப்படியான மருந்துதான் கணக்கில் சேரும். பெட்டியில் கொண்டுபோனது சேராது.

லேப் அறிக்கை இன்னும் முக்கியம்: தினசரி ஊசி யூனிட், எடுத்த முட்டை, முதிர்ந்தவை, கருவுற்றவை, ஐந்தாம் நாள் தரம். அடுத்த டாக்டர் டோஸை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

உறைய வைத்த கருவை 'பிறகு எடுத்துப் போகலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சைகளுக்கான இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ஏஆர்டி சட்டப்படி, சொந்தக் கருவைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வெளிநாடு கொண்டுபோகவும் தேசிய வாரியத்தின் அனுமதி வேண்டும். அது கையில் வரும்வரை சேமிப்புக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த டிரான்ஸ்ஃபருக்கு இன்னொரு டிக்கெட்டும் போட வேண்டியிருக்கும்.