ஆறு வாடகை வீடுகளுக்கு பிளான் போடக் கொடுத்து 60,000 போயிற்று: இணையத்தில் பிளான் வாங்குகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் "ஏதோ கவனக்குறைவு" என்று நானே மழுப்பிவிடுவேன். இது கவனக்குறைவு இல்லை. 60,000 வாங்கிக்கொண்டு, கட்டவே முடியாத ஒரு கட்டடத்தைப் படம் போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்டால் "நாங்க கொடுத்தது கான்செப்ட் டிராயிங்தான் சார்" என்று, அதாவது வெறும் யோசனைப் படம்தான் என்று சொல்கிற வியாபாரம்.

எனக்கு வேண்டியிருந்தது சின்ன விஷயம். மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு, நடுவில் படிக்கட்டு. ஆறும் வாடகைக்கு. இதில் கலைநயம் எதுவும் தேவையில்லை, கணக்கு சரியாக இருந்தால் போதும். சொந்த வீட்டில் ஒரு கதவு கட்டிலில் இடித்தால் நாம் பழகிக்கொள்வோம். வாடகைக்கு வருகிறவர் பழக மாட்டார், பார்த்துவிட்டு அடுத்த வீடு பார்க்கப் போய்விடுவார். அதுவும் ஒரு வீட்டில் விழுந்த தப்பு ஆறு வீட்டிலும் விழும்.

அந்த சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மனை அளவையும் தேவையையும் அனுப்பினால் பிளான், முப்பரிமாணப் படம், தூணும் பீமும் எங்கே எப்படி வரும் என்று காட்டுகிற ஸ்ட்ரக்சர் டிராயிங் எல்லாம் மெயிலுக்கே வந்துவிடும் என்று விளம்பரம் செய்கிற வகை. அந்த வகையில் எத்தனையோ உண்டு, எல்லாவற்றின் முகப்பும் ஒரே அச்சில் வார்த்ததுதான்.

நம்பியது எங்கே என்று கேட்டால், அந்த முதல் போனில். பேசியவர் கேட்ட கேள்வி ஒவ்வொன்றும் கச்சிதம். "எல்லாமே வாடகைக்கா சார், இல்ல ஒண்ணுல நீங்களும் இருப்பீங்களா?" "வீட்டுக்கு வீடு தனி மீட்டரா?" "தண்ணீர் டேங்க் எங்க வைக்கப் போறீங்க? அதோட பாரத்தைக் கணக்குல சேர்க்கணும்." தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்விகள்தானே இவை? அப்புறம் அவராகவே சொன்னார்: "பாத்ரூமுக்கு மேல பாத்ரூம், சமையலறைக்கு மேல சமையலறைன்னு வந்துட்டா குழாய் நேரா இறங்கிடும் சார். செலவும் குறையும், நாளைக்கு ஒழுகல் தொல்லையும் இருக்காது. அதை நாங்க பார்த்துக்கறோம்." இந்த வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலையே ஒரு வீடியோ வந்தது. என் மனையில் என் கட்டடம் எழுந்து நிற்கிறது, பால்கனியில் செடி, ஹாலில் வெயில் சாய்வாக விழுகிறது. இரண்டு தவணையாகக் கட்டினால் 75,000, மொத்தமாகக் கட்டினால் 60,000, சலுகை இன்றோடு முடிகிறது என்றார்கள். கட்டினேன்.

சொன்ன தேதி கடந்து ஒருவழியாக ஃபைல் வந்தது. அட்டை மாதிரி ஒரு முதல் பக்கம், உள்ளே வண்ண வண்ணமாக சோபா, கட்டில், டைனிங் டேபிள். அதைத் தெரிந்த ஒரு கட்டட என்ஜினியரிடம் காட்டினேன். அவர் சோபாவைப் பார்க்கவே இல்லை. நேராகப் படிக்கட்டுக்குப் போனார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் வீட்டில் உட்கார்ந்து தானே சரிபார்க்கக்கூடிய இடம் இதுதான். தளத்துக்குத் தளம் உயரம் 10 அடி, அதாவது 120 அங்குலம். படிக்கு 6 அங்குலம் ஏறினால் 20 ஏற்றம் வேண்டும். நடுவில் திரும்பும் படிக்கட்டு என்றால் பக்கத்துக்குப் பத்து. பத்து ஏற்றத்துக்கு கால் வைக்கும் பலகை ஒன்பது (பத்தாவது ஏற்றம் நிற்கும் இடத்திலேயே போய் முடியும்), ஒவ்வொன்றும் 10 அங்குலம் என்றால் ஏழரை அடி. இரண்டு முனையிலும் நிற்கும் இடம் மும்மூன்று அடி. ஆக நீளவாட்டில் பதின்மூன்றரை அடி தேவை. படத்தில் விட்டிருந்த இடம் 10 அடி. அதற்குள் அடைக்க வேண்டும் என்பதற்காக மொத்தம் 12 ஏற்றம்தான் வரைந்திருக்கிறார்கள். 120-ஐ 12-ஆல் வகுத்துப் பாருங்கள். படிக்குப் பத்து அங்குலம். வயசானவர் ஒருவர் இரண்டாம் மாடிக்கு அதில் ஏறுவாரா? கட்டிலையும் பீரோவையும் யார் தூக்கிக்கொண்டு ஏறுவது? மீதி மூன்றரை அடியை எங்கேயிருந்து எடுப்பது? இரண்டு வீட்டில் ஏதாவது ஒன்றின் அறையிலிருந்துதான். எடுத்தால் அந்த அறை அறையாக இருக்காது.

அடுத்து சுவர். ஒரு வீட்டின் அகலம் வெளியிலிருந்து வெளி 21 அடி. உள்ளே ஹால் 11, படுக்கையறை 10. கூட்டினால் 21. அப்படியானால் சுவர் எங்கே? இரண்டு பக்கமும் 9 அங்குலச் சுவர், நடுவில் நாலரை அங்குலத் தடுப்பு, மொத்தம் இருபத்திரண்டரை அங்குலம். ஏறத்தாழ இரண்டு அடி காற்றோடு போயிற்று. ஆறு வீட்டிலும் இதே கதை. படத்தில் கட்டிலைச் சுற்றி நடக்க இடம் இருந்தது, நிஜத்தில் பீரோ கதவைத் திறக்க முடியாது.

இப்போது அந்த "பாத்ரூமுக்கு மேல பாத்ரூம்" வாக்கியத்துக்கு வருவோம். ஒவ்வொரு மாடிக்கும் வேறு வேறு லேஅவுட் போட்டிருந்தார்கள், அதை "பிரீமியம் அம்சம்" என்று மெயிலில் பெருமையாக எழுதவும் செய்திருந்தார்கள். விளைவு, இரண்டாம் மாடி பாத்ரூம் முதல் மாடி சமையலறை அடுப்புக்கு நேர் மேலே. குழாய் இறங்க டக்ட், அதாவது மேலிருந்து கீழ்வரை விடுகிற தனி இடைவெளி, எங்கேயும் கிடையாது. ஒருநாள் ஒழுகினால் மேல் வீட்டுக்காரர், கீழ் வீட்டுக்காரர், நான் என்று மூன்று பேரும் சண்டை போட வேண்டியதுதான்.

அது போகட்டும். மாடிக்கு மாடி அறை மாறினால் தூணும் மாற வேண்டியிருக்கிறது. கீழே வண்டி நிறுத்த இடம் விட்ட இடத்தில் தூணே இல்லை, மேல் மாடியில் அதே இடத்தில் ஒரு தூண் பீமின் மேல் உட்கார்ந்திருக்கிறது. என்ஜினியர் அங்கே பேனாவால் வட்டம் போட்டு, "நிலம் அதிர்ந்தா முதல்ல சிக்கல் வர்றது இந்த மாதிரி இடத்துலதான், நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. நடு அறையின் ஜன்னல் படிக்கட்டுக்குள் திறப்பதையும், ஒரு வீட்டின் கழிவறைச் சுவரில் அடுத்த வீட்டின் கட்டில் தலைமாடு ஒட்டியிருப்பதையும் அப்புறம்தான் கவனித்தோம். அதற்கெல்லாம் கோபப்படக்கூட மிச்சம் இல்லை.

சரி, கேட்போம் என்று போன் செய்தேன். முதலில் பேசியவர் "வேற டீமுக்கு மாறிட்டார்". புகார் எண் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் புதுக் குரல், ஒவ்வொரு முறையும் "உங்க பிரச்சினையை முதல்ல இருந்து சொல்லுங்க சார்". படிக்கட்டைப் பற்றிக் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "அதை சைட்ல அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க சார்." மூன்றரை அடியை! அங்குலம் இரண்டு அங்குலம் என்றால் சரி, மூன்றரை அடியை எந்தக் கொத்தனார் அட்ஜஸ்ட் செய்வார்?

ஐந்து திருத்தம் இலவசம் என்றார்களே என்று கேட்டேன். இலவசத் திருத்தம் மேஜை நாற்காலியை நகர்த்துவதற்குத்தானாம். சுவர் நகர்ந்தால் அது "புது டிசைன்", அதற்கு இன்னும் 25,000. ஸ்ட்ரக்சர் டிராயிங் கேட்டதற்கு, அது "வழிகாட்டுதலுக்கு மட்டும்" என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அப்படியானால் 60,000 எதற்கு? அந்த வீடியோவில் விழுந்த வெயிலுக்கா?

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் வந்ததுதான் உச்சம். ஃபைலை டவுன்லோட் செய்துவிட்டால் பணம் திரும்பாது. டவுன்லோட் செய்யாமல் ஃபைலைப் பார்க்க அங்கே வழியே கிடையாது! இதை எழுதிக் கேட்டேன். "உங்கள் பிரச்சினை தீர்ந்ததாகக் கருதி புகாரை முடிக்கிறோம்" என்று தானாக ஒரு மெயில் வந்தது. மறுபடி திறந்தேன், மறுபடி முடித்தார்கள். 60,000 அங்கேயே நிற்கிறது. இப்போது உள்ளூர் என்ஜினியருக்கு முதலிலிருந்து வேறு பணம்.

பிளான் வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீளமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: போனில் சொன்ன ஒவ்வொன்றையும் மெயிலில் எழுதி வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், சலுகை இன்றோடு முடிந்தால் முடியட்டும். முப்பரிமாணப் படம் கேட்காதீர்கள், மூன்று மாடி பிளானையும் ஒரே அளவில் கேளுங்கள், ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் குழாயும் தூணும் நேராக இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். அறை அளவோடு சுவர்த் தடிமனையும் கூட்டிப் பாருங்கள். படியை எண்ணுங்கள். கையெழுத்துப் போடப் போகிற என்ஜினியர் யார் என்று முதலிலேயே கேளுங்கள். பெயர் சொல்ல இழுத்தால் போனை வைத்துவிடுங்கள்.

கார்டில் கட்டியவர்கள் காத்திருக்காமல் பணத்தைத் திருப்பிக் கேட்டு உடனே வங்கியில் தகராறு மனு போடுங்கள், அதற்குக் கெடு உண்டு. இவர்கள் "பார்க்கிறோம் சார்" என்று இழுப்பதே அந்தக் கெடு ஓடிப்போகட்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் நேற்று போட்டுவிட்டேன், புகாரை முடித்த அந்த மெயில்களையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். வங்கியிலிருந்து என்ன பதில் வந்தாலும் இங்கேயே கீழே சேர்க்கிறேன்.